அதான் நம்மகிட்ட இருக்கே!

காலை ஏழே காலுக்குக் காரில் ஏறி வானொலியைத் திறப்பவருக்கு, ஏழு மணிக்கு நான் என்ன பேசினேன் என்று தெரியாது. என் முகம் தெரியாது. நான் கையில் வைத்திருக்கும் காகிதம் தெரியாது. கூட்டரசு நெடுஞ்சாலையில் அவருக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும் லாரியின் பின்பக்கம் மட்டும்தான் தெரியும். அதனால்தான் எனக்கு ஒலிவாங்கி முன் உட்காரக் கற்றுத்தந்த மூத்த அறிவிப்பாளர் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: இது என்ன, யாருக்கு. இந்த இரண்டையும் முதல் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடு. மூன்றாவது வாக்கியத்துக்குள் அவர் கை அடுத்த அலைவரிசைக்குப் போயிருக்கும்.

ஊடகத் துறையில் பட்டம் வாங்கிக்கொண்டுதான் அந்த வேலைக்குப் போனேன். தொடர்பியல் கோட்பாடு என்று தடித்தடியாகப் படித்திருக்கிறேன். ஆனாலும் அந்த மூத்தவரின் பாடம் எவ்வளவு பெரியது என்பதை எனக்கு முழுதாகப் புரியவைத்தது ஒரு கேம் கன்சோல். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ‘வீ யூ’. பெயரைப் படித்ததும், “வீயா? அது எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் இருந்ததே” என்று நீங்கள் நினைத்திருந்தால், அந்த நிறுவனத்துக்கு நேர்ந்த சங்கடம் உங்களுக்கு இப்போதே பாதி புரிந்துவிட்டது.

2025 ஜூனில் ‘சுவிட்ச் 2’ வந்ததிலிருந்து கடைகளில் அந்தப் பெட்டி அடுக்கியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், தோற்றுப்போன அந்த அண்ணன்தான் எனக்கு நினைவுக்கு வருகிறான். வென்றவர்களைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். இன்றைக்குத் தோற்றவனைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் ‘வீ’. 2006 நவம்பரில் வந்தது. கேம் விளையாடாதவர்களையும் விளையாட வைத்த கருவி அது. அக்கா வீட்டில் ஒன்று இருந்தது. எங்கள் பாட்டிக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல். கைப்பேசியில் அழைப்பை எடுக்கக்கூட எங்களைத் தேடுவார். அவர் கையில் அந்த வெள்ளைக் கட்டையைக் கொடுத்து, “கையை வீசுங்க பாட்டி, பந்து உருளும்” என்றோம். வீசினார். தொலைக்காட்சியில் பந்து உருண்டு பத்துக் கட்டைகளில் ஏழு விழுந்தன. அன்று இரவு உணவு தாமதமாகிப் போனது, மீதி மூன்றையும் விழவைக்காமல் பாட்டி உட்காரவில்லை.

‘கையை வீசு, பந்து உருளும்.’ ஒரே வாக்கியம். அது என்ன என்பதும் அதிலேயே இருந்தது, யாருக்கு என்பதும் அதிலேயே இருந்தது. உலகம் முழுவதும் 10 கோடிக்கும் அதிகமான வீ கருவிகள் விற்றன. முதியோர் இல்லங்களில் பந்துருட்டும் போட்டி நடந்தது. உடற்பயிற்சி சிகிச்சை நிலையங்கள்கூட அதைப் பயன்படுத்தின.

இப்படி ஒரு வெற்றிக்குப் பிறகு வருகிறவனுக்கு என்ன பெயர் வைப்பது? சோனி அந்தத் தலைவலியை எப்போதோ தீர்த்துக்கொண்டது. பிளேஸ்டேஷன் 2, 3, 4. எண்ணத் தெரிந்தவர்களுக்கெல்லாம் புரியும். நிண்டெண்டோ வேறு வழியில் போனது. 2011 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்த இ3 கண்காட்சியில் ‘வீ யூ’ என்று அறிவித்தது. ‘வீ’ என்றால் ஆங்கிலத்தில் நாம், ‘யூ’ என்றால் நீங்கள்; எல்லோரும் சேர்ந்து விளையாடியது போதாது, இனி உங்கள் ஒவ்வொருவருக்குமான தனி அனுபவம் என்று விளக்கம் வந்தது. அழகான விளக்கம்தான். ஆனால், பெயருக்கு விளக்கவுரை தேவைப்படும் இடத்திலேயே எனக்குக் காது அரிக்கத் தொடங்கிவிடும்.

அதைவிட வினோதம் அன்றைய மேடை. காட்டியதெல்லாம் நடுவில் தொடுதிரை பதித்த புதிய கைக்கருவியைத்தான். ‘கேம்பேட்’ என்று அதற்குப் பெயர். அதை வைத்து ஓவியம் வரைகிறார்கள், தரையில் வைத்துக் கோல்ஃப் அடிக்கிறார்கள், தொலைக்காட்சியிலிருந்து படத்தை அதற்கு மாற்றுகிறார்கள். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய புதிய இயந்திரத்தைப் பற்றி மூச்சே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த பத்திரிகையாளர்களுக்கே, இது பழைய வீயுடன் இணைக்கும் துணைக்கருவியா, புதுக் கன்சோலா என்று குழப்பம். நிண்டெண்டோவின் பங்கு விலை சரிந்தது. அப்போதைய தலைவர் சதோரு இவாட்டா, கைக்கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு புதிய இயந்திரத்தின் படத்தை ஒரு தடவையாவது காட்டியிருக்க வேண்டும் என்று அதன்பின் ஒப்புக்கொண்டார்.

நேரலையில் இந்த மாதிரித் தருணங்களை நான் பார்த்திருக்கிறேன். விருந்தினர் பத்து நிமிடமாகத் தன் அறக்கட்டளையைப் பற்றி உருகி உருகிப் பேசுவார். அது கிள்ளானில் இருக்கிறதா, கெடாவில் இருக்கிறதா, எதற்காக நடக்கிறது என்று சொல்லியே இருக்கமாட்டார். அவர் தவறானவர் அல்லர். வருடக்கணக்காக அதற்குள்ளேயே வாழ்கிறார். வெளியிலிருந்து அது எப்படிக் கேட்கும் என்று அவருக்குக் காது கேட்பதில்லை. நிண்டெண்டோவின் பொறியாளர்களும் அப்படித்தான். வீ யூ புத்தம் புதிய இயந்திரம் என்பது அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை எதற்குச் சொல்ல வேண்டும்?

வெளியில் இருந்தவர்களுக்கு எப்படிக் கேட்டது என்பதை 2013-இல், ஜூன் பள்ளி விடுமுறையில், நான் நேரிலேயே கேட்டேன். அக்கா பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கித்தர அத்தான் புறப்பட்டார். கேம் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவள் என்று என்னையும் அழைத்துக்கொண்டார். லோ யாட் பிளாசாவில் மாடி மாடியாக ஏறி, கண்ணாடிப் பெட்டிக்குள் வீ யூ இருந்த ஒரு கடைமுன் நின்றோம்.

“இது வீதானே? அதான் நம்மகிட்ட இருக்கே” என்றார் அத்தான்.

“இல்ல அத்தான், இது புதுசு. வீ யூ.”

“சரி, அந்தத் திரை வச்ச தட்டு மட்டும் எவ்வளவு? அதை வாங்கி நம்ம வீயில மாட்டிக்கலாமில்ல?”

கடைக்காரத் தம்பி ஒரு சீனப் பையன், பொறுமைசாலி. மலாயிலும் ஆங்கிலத்திலும் விளக்கினான். தட்டு தனியாக விற்பதில்லை, பெட்டியோடுதான் வரும். பழைய வீயின் கைக்கட்டைகளை இதிலும் பயன்படுத்தலாம். பழைய விளையாட்டுகளும் இதில் ஓடும். இதைக் கேட்டதும் அத்தானின் சந்தேகம் தீர்ந்துவிட்டது. பழைய கட்டை, பழைய விளையாட்டு, பழைய பெயர். அப்புறம் இது பழைய வீ இல்லாமல் வேறென்ன? பக்கத்துக் கடையில் ஐபேட் மினி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம்.

அத்தானைக் குறை சொல்ல முடியாது. ‘வீ’ என்ற சொல்லால் தொடங்கும் பொருள்களை நிண்டெண்டோ ஐந்தாறு ஆண்டுகளாக விற்றுவந்தது. நின்று உடற்பயிற்சி செய்யும் பலகையோடு ‘வீ ஃபிட்’, கார் ஓட்ட ‘வீ வீல்’, துப்பாக்கி போலப் பிடிக்க ‘வீ ஸாப்பர்’, பேச ‘வீ ஸ்பீக்’. ‘வீ’ என்று ஆரம்பித்து இன்னொரு சொல் ஒட்டிக்கொண்டால் அது துணைக்கருவி என்று மக்களின் காதைப் பழக்கியதே அந்த நிறுவனம்தான். போதாததற்கு இரண்டு பெட்டிகளும் பார்வைக்கும் உடன்பிறப்புகள் மாதிரி இருந்தன. முதலீட்டாளர்களிடம் பேசும்போது இவாட்டாவே இதைச் சொன்னார்: வீ யூ என்பது வீயோடு சேர்த்த ஒரு பலகை என்று சிலர் நினைக்கிறார்கள், கேம்பேடைப் பழைய வீயில் இணைக்கலாம் என்றுகூடச் சிலர் நினைக்கிறார்கள் என்று. எங்கள் அத்தான் ஜப்பான் வரை எட்டியிருக்கிறார்!

நாங்கள் லோ யாட்டுக்குப் போனது சரியாக அந்த ஏப்ரல்-ஜூன் காலாண்டில்தான். அந்த மூன்று மாதத்தில் உலகம் முழுவதற்கும் சேர்த்து நிண்டெண்டோ விற்ற வீ யூ கருவிகள் சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம். ஒப்பீட்டுக்குச் சொல்கிறேன்: அதே ஆண்டு நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 4, வட அமெரிக்காவில் மட்டும், முதல் 24 மணி நேரத்தில் 10 லட்சத்தைத் தாண்டியது.

இனி அந்தத் தட்டைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். கேம்பேட் கேலிக்குரிய பொருள் இல்லை. 6.2 அங்குலத் திரை. ‘நிண்டெண்டோ லேண்ட்’ என்ற விளையாட்டுத் தொகுப்பில் ஓடிப்பிடிக்கும் ஆட்டம் ஒன்று உண்டு. துரத்துகிற நான்கு பேரும் தொலைக்காட்சியைப் பார்ப்பார்கள். ஓடுகிற ஒருவர் மட்டும் கையிலுள்ள திரையில் முழு வரைபடத்தையும் பார்ப்பார். நண்பர் வீட்டில் ஒரு முறை விளையாடினேன். கத்திக் கத்தி மறுநாள் காலை நிகழ்ச்சிக்குக் குரல் இல்லாமல் போனது. ஒரே அறையில் உட்கார்ந்து ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் விளையாடும் அந்தச் சுகத்தை வேறெந்தக் கன்சோலும் எனக்குத் தந்ததில்லை. ஆனால் அதைப் புரிந்துகொள்ள ஐந்து பேர் ஒரே வீட்டில் கூட வேண்டும், ஒருவர் உட்காரவைத்து விளக்க வேண்டும். கடைக் கண்ணாடி வழியாக அது தெரியாது.

கண்ணாடி வழியாகத் தெரிந்தது என்ன? பிளாஸ்டிக் சட்டம் போட்ட ஒரு டேப்லெட். அதற்குள் உலகம் ஐபேடுக்குப் பழகியிருந்தது. வீ யூ வெளிவந்த அதே நவம்பரில்தான் ஐபேட் மினியும் வந்தது. விரல் பட்டாலே நழுவும் கண்ணாடித் திரைக்குப் பழகிய கை, அழுத்தித் தொட வேண்டிய பழைய வகைத் திரையைத் தொட்டவுடன் ஒரு கணம் தயங்கும். மின்கலம் மூன்று முதல் ஐந்து மணி நேரம். கன்சோலை விட்டுச் சில மீட்டர் தள்ளிப் போனால் படம் அறுந்துவிடும். எடுத்துக்கொண்டு வெளியே போக முடியாத டேப்லெட்.

ஆனால் அந்தத் தட்டுக்குள் ஒரு தங்கமான வசதி ஒளிந்திருந்தது. தொலைக்காட்சி இல்லாமலேயே பல விளையாட்டுகளை அதன் திரையில் விளையாடலாம். நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சி யார் கையில் இருக்கும்? அம்மா நாடகம் பார்ப்பார், பாட்டி அதற்கு உரை சொல்வார், பையன் “அஞ்சு நிமிஷம், ஒரே ஒரு ரேஸ்” என்று தொலை இயக்கியைப் பிடித்து இழுப்பான். அந்தப் போர் நடக்காத தமிழ் வீடு இந்த நாட்டில் உண்டா? ‘அம்மா நாடகம் பார்க்கட்டும், நீ கையில் விளையாடு.’ இதுதான் வீ யூவின் வாக்கியம். பாட்டியின் பந்து வாக்கியத்தைப் போலவே எளிமையானது. அது அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஓவியம் வரையலாம், கோல்ஃப் அடிக்கலாம், காணொலியில் பேசலாம், தொலைக்காட்சியைக் கட்டுப்படுத்தலாம் என்று இருபது வாக்கியங்களுக்கு நடுவில் அதை இருபத்தோராவதாகச் சொன்னார்கள். வீ யூ வீழ்ந்ததற்குப் பலர் பல காரணம் சொல்லலாம். என் கணக்கில் முதல் காரணம் இது.

மற்றக் காரணங்களும் சின்னவை அல்ல. விளையாட்டுகள் வரவில்லை. உயர்துல்லியப் படத்துக்கு விளையாட்டு உருவாக்க எவ்வளவு ஆளும் நாளும் தேவைப்படும் என்பதை நிண்டெண்டோ குறைத்து எடைபோட்டுவிட்டது. ‘பிக்மின் 3’ தள்ளிப்போய் 2013-இன் நடுப்பகுதியில்தான் வந்தது. வீ யூவுக்கு மட்டுமே என்று யூபிசாஃப்ட் சொல்லியிருந்த ‘ரேமேன் லெஜண்ட்ஸ்’ வெளிவரச் சில வாரங்களே இருந்தபோது தள்ளிவைக்கப்பட்டது. பிற கருவிகளிலும் சேர்த்து வெளியிட்டுக்கொண்டார்கள். 2011 மேடையில் ஏறி வரலாறு காணாத கூட்டணி என்று வாழ்த்திய எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், 2013-இலேயே வீ யூவுக்கு எதையும் உருவாக்கவில்லை என்று சொல்லிவிட்டது. பழைய வீயின் வழிவந்த மூளையை வைத்துக்கட்டிய இயந்திரம் என்பதால், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றுக்கு எழுதிய விளையாட்டை இதற்கு மாற்றுவது இரட்டை வேலை. வாங்கியவர்கள் குறைவு என்பதால் விளையாட்டு வரவில்லை, விளையாட்டு வரவில்லை என்பதால் வாங்குகிறவர்கள் குறைந்தார்கள். கறிவேப்பிலை இல்லாத கடைக்கு யார் காய்கறி வாங்கப் போவார்கள்?

நம் பக்கத்துக்கு இன்னொரு இடைஞ்சலும் இருந்தது. வீ யூவுக்கு வட்டாரப் பூட்டு உண்டு. அமெரிக்கக் கருவியில் ஜப்பான் விளையாட்டுத் தட்டு ஓடாது, ஜப்பான் கருவியில் ஐரோப்பியத் தட்டு ஓடாது. இறக்குமதிப் பெட்டியை நம்பியிருக்கும் நம்மைப் போன்றவர்கள் வாங்கும்போதே எந்த நாட்டுக்காரராக வாழப்போகிறோம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். அமெரிக்கப் பெட்டியின் மின்மாற்றி 120 வோல்ட்டுக்கானது, அதை நம் சுவரில் அப்படியே செருகவும் முடியாது. பிள்ளைக்கு விளையாட்டுப் பொருள் வாங்கப் போன அப்பாவுக்கு இத்தனை பாடம்.

2014 ஜனவரியில் கணக்கு வெளியே வந்தது. அந்த நிதியாண்டில் 90 லட்சம் கருவிகள் விற்கும் என்றிருந்த எதிர்பார்ப்பை 28 லட்சமாகக் குறைத்தார்கள். அப்போது இவாட்டா தம் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார், ஐந்து மாதங்களுக்கு. மரியோவைப் படைத்த ஷிகேரு மியாமோட்டோ உள்ளிட்ட இரு மூத்த இயக்குநர்களுக்கு 30 விழுக்காடு, மற்ற இயக்குநர்களுக்கு 20 விழுக்காடு வெட்டு. அதற்கு முந்தைய ஆண்டே பங்குதாரர் கூட்டத்தில், ஏன் ஆட்குறைப்பு செய்யவில்லை என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொல்லியிருந்தார். குறுகிய கால லாபத்துக்காக ஆட்களைக் குறைத்தால் மனம் தளரும். எப்போது வேலை போகுமோ என்று பயந்துகொண்டிருப்பவர்களால் மக்களை வியக்கவைக்கும் விளையாட்டை உருவாக்க முடியும் என்று தமக்குத் தோன்றவில்லை என்பது அதன் சாரம்.

இந்த இடத்தில் எனக்கு வேறொரு கதை நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியவில்லை. ஊரும் பெயரும் வேண்டாம். நான் ஒரு காலத்தில் வேலை பார்த்த இடத்தில் இளையோருக்கென்று இணையத்தில் புதிய அலைவரிசை ஒன்று தொடங்கினார்கள். பெயர்? பழைய அலைவரிசையின் பெயரோடு ஓர் ஆங்கில எழுத்து. கூட்டத்தில் தயாரிப்பாளர் அண்ணன் ஒருவர் கை தூக்கினார். “வீட்ல கேக்கறவங்க இதையும் அதையும் எப்படிப் பிரிச்சுத் தெரிஞ்சுக்குவாங்க?” என்று கேட்டார். அறையில் லேசான சிரிப்பு. புதுமைக்கு எதிரானவர் என்ற முத்திரையோடு அவர் உட்கார்ந்தார்.

தொடங்கிய முதல் வாரமே தொலைபேசி வந்தது. “நீங்க சொன்ன புது ரேடியோவைத்தான் பத்து வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேனேம்மா” என்றார் ஒரு அம்மா, தாப்பாவிலிருந்து. நல்ல நிகழ்ச்சிகள் அவை. இரண்டு இளைஞர்கள் தூக்கமில்லாமல் உழைத்தார்கள். நள்ளிரவில் அவர்கள் செய்த இசை நிகழ்ச்சி ஒன்றை நான் இன்றும் நினைத்துக்கொள்வேன். கேட்க ஆளில்லை, ஒன்றேகால் ஆண்டில் மூடிவிட்டார்கள். அந்த இரண்டு இளைஞர்களுக்கும் வேலை போனது. கை தூக்கிய அண்ணனுக்கும் போனது. பெயர் வைத்தவர்கள் அதற்கடுத்த ஆண்டு இன்னும் பெரிய அறைக்கு மாறினார்கள். அண்ணன் இப்போது திருமண மண்டபங்களுக்கு ஒலி அமைப்பு செய்துதருகிறார். பார்க்கும்போதெல்லாம், “நல்லாத்தான் இருக்கேம்மா” என்பார். மணமக்கள் பெயரைத் தவறாமல் உச்சரிக்கும் மண்டபம் எது என்று தேடினால் அங்கே அவர் இருப்பார்.

இவாட்டாவைத் தெய்வமாக்க நான் வரவில்லை. அதே 2014-இல் நிண்டெண்டோவின் ஐரோப்பியக் கிளை, ஜெர்மனியில் ஓர் அலுவலகத்தை மூடியபோது 130 பேருக்கு வேலை போனது. அந்த 130 வீடுகளில் கியோட்டோவின் சம்பள வெட்டைப் பற்றிப் புகழ்ந்து பேசியிருக்கமாட்டார்கள். சம்பளம் பாதியானாலும் ஒரு நிறுவனத் தலைவர் பட்டினி கிடக்கப்போவதும் இல்லை. ஆனாலும் விளையாட்டுகளை உருவாக்கும் பிள்ளைகளின் மேசைகளை அவர் காலி செய்யவில்லை. அவரே நிரலாளராகத் தொடங்கியவர். 1993-இல், கடனில் மூழ்கியிருந்த ஹால் லேபரட்டரி என்ற சின்ன நிறுவனத்தின் தலைமையை ஏற்றுக் கரையேற்றியவர். 2002-இல் நிண்டெண்டோவின் தலைவரானபோது, நிறுவனர் குடும்பத்தைச் சேராத முதல் தலைவர். மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவனின் பயம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த மேசைகளிலிருந்து என்ன வந்தது என்று பாருங்கள். 2014-இல் ‘மரியோ கார்ட் 8’. 2015-இல் மை தெளித்து விளையாடும் ‘ஸ்பிளட்டூன்’. அதே ஆண்டு, பிள்ளைகளே மரியோவின் மேடைகளைக் கட்டி உலகத்துக்கு அனுப்பும் ‘சூப்பர் மரியோ மேக்கர்’. கூட்டமில்லாத மண்டபத்தில் நடந்த அருமையான கச்சேரிகள். வீ யூ மொத்தமாக விற்றது 1 கோடியே 35 லட்சம் சொச்சம்தான், வீயில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. 2015 ஜூலை 11 அன்று இவாட்டா புற்றுநோயால் காலமானார். வயது 55. அடுத்த கருவி வெளிவருவதை அவர் பார்க்கவில்லை.

அந்த அடுத்த கருவியைத்தான் 2016 அக்டோபரில் ஒரு காணொலியில் காட்டினார்கள். மூன்றரை நிமிடம். வர்ணனை கிடையாது, விளக்கம் கிடையாது. ஓர் இளைஞன் தொலைக்காட்சியில் விளையாடிக்கொண்டிருக்கிறான். நாய் வெளியே போக வேண்டும் என்று நிற்கிறது. அவன் கருவியைத் தாங்கியிலிருந்து உருவி எடுத்து, கையிலேயே விளையாட்டைத் தொடர்கிறான். முடிந்தது. பேச்சை நம்பிப் பிழைக்கும் நான் அந்த ஊமைப்படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ‘தொலைக்காட்சியை விட்டுவிட்டுக் கையில் விளையாடு.’ வீ யூவுக்குள் இருபத்தோராவதாகக் கிடந்த அதே வாக்கியம். இந்த முறை அதை மட்டும் சொன்னார்கள். இந்த முறை அதைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்கும் போக முடிந்தது, வட்டாரப் பூட்டும் இல்லை. பெயரிலும் ‘வீ’ இல்லை. சுவிட்ச், 2017 மார்ச் 3 அன்று வந்தது. விற்பனை 15 கோடியைத் தாண்டிவிட்டது.

அந்தக் காலியான மண்டபத்துக் கச்சேரிகளை அங்கே மறுபடி அரங்கேற்றினார்கள். வீ யூவில் 84 லட்சம் பிரதிகள் விற்ற மரியோ கார்ட் 8, கொஞ்சம் மெருகேறி, சுவிட்சில் 6 கோடிக்கு மேல் விற்றது. அதே சாலைகள், அதே கார்கள், அதே வாழைப்பழத் தோல். இப்போது வந்திருக்கும் தம்பிக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பார்த்தீர்களா? சுவிட்ச் 2. சோனிக்காரர்கள் சிரித்திருப்பார்கள். வீ யூவின் இணையச் சேவையோ 2024 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது.

போன தீபாவளிக்கு மறுநாள் அக்கா வீட்டில் இருந்தோம். பிள்ளைகள் சோபாவில் நெருக்கிக்கொண்டு சுவிட்சில் மரியோ கார்ட் 8 ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எதிரில் நாடகம். அத்தான் முறுக்கைக் கடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“நல்லா இருக்கே. இது எப்ப வந்துச்சு?”

“2014-லேயே வந்துருச்சு அத்தான். வீ யூவுக்கு.”

“அப்ப நமக்கு ஏன் தெரியாமப் போச்சு?”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். லாஸ் ஏஞ்சலஸ் மேடை வரை வந்திருப்பேன். அக்கா தொலைக்காட்சியின் சத்தத்தை இரண்டு புள்ளி ஏற்றினார்.

“நாடகம் ஓடுது. விளம்பரத்தப்ப சொல்லு.”